பட்டியலில் இருந்த பதினான்கு பேர்

சனிக்கிழமை. காலை ஒன்பது பத்து. நான்கு மெஷின்கள் ஓடுகின்றன. நான்கு பேரின் ரத்தம் உடலுக்கு வெளியே, டியூப்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது.

முதல் சத்தம் தொலைவில். யாரோ இரும்பு ஷட்டரை வேகமாக இறக்கியதுபோல. இரண்டாவது பக்கத்துத் தெருவில். மூன்றாவதில் சன்னல் கண்ணாடி உள்ளே வந்து விழுகிறது. மின்சாரம் போகிறது. நான்கு மெஷின்களும் ஒரே நேரத்தில் அலறுகின்றன.

"அக்கா! சன்னல் கிட்ட நிக்காதீங்க! கீழ படுங்க!"

கத்துவது ஜெயசீலன். புதுக்கோட்டை மாவட்டத்துக் கட்டுமாவடிக்காரன். மெஷின்களையும் தண்ணீர் பிளான்டையும் பார்த்துக்கொள்பவன். அவன் சொல்வது சரி. ஆனால் படுக்க முடியாது. மெஷின் நின்றால் வெளியே இருக்கும் ரத்தம் சில நிமிடங்களில் உறைந்துவிடும். பம்பில் சின்னக் கைப்பிடி ஒன்று உண்டு. அதைக் கையால் சுற்றி ரத்தத்தை உடலுக்குத் திருப்ப வேண்டும். மெதுவாக. அவசரப்பட்டால் காற்றுக் குமிழி உள்ளே போகும். ஆள் போய்விடுவார்.

நான் ஒரு மெஷின். ஜெயசீலன் ஒரு மெஷின். நர்ஸ் ஆமினா இரண்டு கட்டில்களுக்கு நடுவில் நின்று, இரண்டு கைகளாலும் இரண்டு மெஷின்களைச் சுற்றுகிறாள். நான்காவது குண்டு. ஐந்தாவது. சுவர்ப் பூச்சு தலையில் கொட்டுகிறது. யாரும் கையை எடுக்கவில்லை. பதினோரு நிமிடம். நான்கு பேரின் ரத்தமும் உள்ளே போனது. பிறகுதான் தரையில் உட்கார்ந்தோம்.

என் பெயர் மலர்க்கொடி. ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். டயாலிசிஸ் டெக்னீஷியன். சூடானின் தலைநகரம் கார்ட்டூமில் ஒரு மருத்துவமனையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். நான் சொல்லும் சனிக்கிழமை அங்கே ரமலானின் கடைசி வாரம். இங்கே சித்திரை பிறந்து மறுநாள். அன்றுதான் அந்த நகரத்தில் இரண்டு படைகள் ஒன்றையொன்று சுட ஆரம்பித்தன.

டயாலிசிஸ் நோயாளிக்குப் போர் என்றால் என்ன என்று பலருக்குத் தெரியாது. சிறுநீரகம் வேலை செய்யாதவரின் ரத்தத்தை வாரம் மூன்று முறை மெஷின் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு முறைக்கு நான்கு மணி நேரம். நூற்றிருபது லிட்டர் சுத்தமான தண்ணீர். கரைசல். வடிகட்டி. ஊசி. இதில் எது இல்லாவிட்டாலும் சாவு. குண்டு விழ வேண்டியதில்லை.

எங்களிடம் இருபத்திரண்டு பேர் பதிவாகியிருந்தார்கள். மூன்றாம் நாள் பன்னிரண்டு பேர் வந்தார்கள். ஐந்தாம் நாள் பதினான்கு. இரண்டு பேர் கழுதை வண்டியில். ஒருவர் ஏழு கிலோமீட்டர் நடந்து. வராத எட்டுப் பேரின் போன்கள் அடிக்கவில்லை.

ஜெயசீலன் ஜெனரேட்டரைச் சரிசெய்து மெஷின்களை ஓட்டினான். நான்கு மணி நேரத்தை இரண்டரை ஆக்கினோம். வாரம் மூன்று முறையை இரண்டாக்கினோம். பிறகு ஒன்றாக்கினோம். மேலே விமானம் வந்தால் முதலில் காதுக்குள் அழுத்தம். அப்புறம் கனமான பீரோவை மாடியில் இழுப்பதுபோல ஒரு சத்தம். அப்போது நோயாளிகள் தங்கள் ஊசி குத்திய கையை மறு கையால் மூடிக்கொள்வார்கள். தலையை மூடமாட்டார்கள். கையைத்தான்.

இத்ரீஸ் அவர்களில் ஒருவர். பள்ளிக்கூட வாத்தியார். அறுபது வயது. பேரீச்சம்பழம் என்றால் உயிர். பொட்டாசியம் ஏறும், தொடவே கூடாது என்று நான் மூன்று வருடமாக அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். இன்னொருத்தி ஹிபா. பத்தொன்பது வயது. நகத்தில் மருதாணி இல்லாமல் ஒருநாளும் வந்ததில்லை. குண்டு விழுந்த வாரத்திலும் வைத்துக்கொண்டு வந்தாள்.

பன்னிரண்டாம் நாள். புதன். காலை பத்தரை. வெள்ளை ஜீப் ஒன்று வருகிறது. நீல மேல்சட்டை போட்ட ஒருவர் இறங்குகிறார். உதவி அமைப்புகளின் ஒருங்கிணைப்பாளர். எந்த நாட்டுக்காரர் என்று சொல்லப்போவதில்லை. நல்ல மனிதர்போலத்தான் இருந்தார். ஆமினாவுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

அவர் சொன்னது இது. நான்கு நாடுகளின் அமைப்புகள் கைகோத்திருக்கின்றன. ஒரு நாடு மருந்துப் பொருள் தருகிறது. ஒரு நாடு கப்பல். ஒரு நாடு வண்டி. ஒரு நாடு டாக்டர்களும் டெக்னீஷியன்களும். பொருள் துறைமுகத்துக்கு வந்துவிட்டது. செவ்வாய்க்கிழமை இங்கே வந்து சேரும். கூடவே புது ஆட்கள். ஒரே ஒரு வேலை பாக்கி. நோயாளிகளின் பட்டியல் வேண்டும்.

எழுதினேன். கம்ப்யூட்டர் இல்லை. கோடு போட்ட தாளில் கையால் எழுதினேன். பெயர், வயது, எடை, ரத்த வகை, எந்தக் கையில் ஊசி, கடைசியாக மெஷினில் போட்ட நாள். பதினான்கு வரி. ஆமினா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயரையும் சரிபார்த்தாள். அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு சொன்னார். நாளைக் காலை ஆறு மணிக்கு வெளிநாட்டவருக்கான பஸ் புறப்படுகிறது. இன்னொரு பஸ் வருமா என்று தெரியாது. நீங்களும் ஜெயசீலனும் ஏறுங்கள்.

செவ்வாய் வரை இருந்துவிட்டுப் போகிறேன் என்றேன். தேவையில்லை, ஆள் வருகிறார்கள் என்றார். ஆமினாவுக்கு இடம் உண்டா என்று கேட்டேன். அவள் உள்ளூர்க்காரி, அவளுக்கு வேறு ஏற்பாடு என்றார்.

மீதிக் கரைசலை எண்ணினேன். ஆளுக்கு ஒரு முறை. அதற்குமேல் ஒரு சொட்டு இல்லை. எண்ணிவிட்டு வெளியே வந்தேன். நடையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் எனக்குத் தெரிந்த அரபியில் சொன்னேன். அல் தலாத்தா. செவ்வாய்க்கிழமை. கரைசல் வருகிறது. ஆள் வருகிறது. இத்ரீஸ் வாத்தியார் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். ஹிபா சிரித்தாள்.

இதை நான் என் வாயால் சொன்னேன். படிப்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

வியாழன். பஸ் புறப்பட்டது. வழியில் எத்தனை சோதனைச்சாவடி என்று நினைவில்லை. துப்பாக்கி முனையில் இரண்டு முறை இறங்கினோம். வெள்ளி மாலை துறைமுகம். உப்புக் காற்று. கப்பலுக்காக ஆயிரக்கணக்கான சனம் தரையில் உட்கார்ந்திருந்தது.

ஜெயசீலன்தான் முதலில் பார்த்தான்.

"அக்கா, அங்கிட்டுப் பாருங்க. நம்ம கேனு."

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம். திறந்த வெளி. மரச்சட்டங்களில் அடுக்கிய பெட்டிகள். என் கையால் தினமும் திறந்த அதே கரைசல் கேன்கள். ஒவ்வொரு பெட்டியிலும் நான்கு கொடிகள் அச்சடித்த ஸ்டிக்கர். மேலே தார்ப்பாய் இல்லை. பெட்டிகளின் அட்டை வெயிலில் வெளுத்திருந்தது. நேற்று வந்த பெட்டிகள் அல்ல அவை.

வேலி ஓரமாகவே நடந்து ஓர் அலுவலகத்தைக் கண்டுபிடித்தேன். பொருள் கொடுத்த அமைப்பின் ஆள் சொன்னார்: எங்கள் வேலை கரையில் இறக்குவதோடு முடிந்தது. வண்டி கொடுக்க வேண்டிய அமைப்பின் ஆள் சொன்னார்: சுங்கம் விடுவித்தால் ஏற்றுவோம். சுங்கத்தில் சொன்னார்கள்: பொருளைப் பெறும் மருத்துவமனையின் பதிவுச் சான்று வேண்டும், அதில் அமைச்சகத்தின் முத்திரை வேண்டும். அமைச்சகம் எரிந்துகொண்டிருக்கும் நகரத்தில் இருக்கிறது. புது ஆட்கள் எங்கே என்று கேட்டேன். யாருக்கும் அப்படி ஓர் ஏற்பாடு தெரியவில்லை.

ஒருங்கிணைப்பாளருக்குப் போன் செய்தேன். எடுத்தார். கவலைப்படாதீர்கள், செயல்பாட்டில் இருக்கிறது என்றார். அதன்பிறகு எடுக்கவில்லை.

"திரும்பிப் போயிடலாமா தம்பி?" என்று கேட்டேன்.

ஜெயசீலன் தரையைப் பார்த்தபடி நின்றான். "போயி? வெறுங்கையோட போயி அவுக முன்னாடி என்னத்தங்கா செய்றது?"

மறுநாள் இருவரும் கப்பலில் ஏறினோம். யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானேதான் ஏறினேன்.

திருச்சி விமான நிலையத்தில் என் வீட்டுக்காரர் கணேசன் நின்றார். கந்தர்வக்கோட்டையில் டூவீலர் பட்டறை வைத்திருக்கிறார். கையில் கிரீஸ் போகாமலேயே வந்திருந்தார். ஊரில் சால்வை போட்டார்கள். உள்ளூர் சேனல்காரர்கள் வந்தார்கள். எப்படித் தப்பித்தீர்கள் என்று கேட்டார்கள். யாரை விட்டுவிட்டு வந்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

செவ்வாய் வந்தது. ஆமினாவின் குரல் செய்தி வந்தது. பின்னணியில் வெடிச் சத்தம் இரண்டு. "வண்டியைக் காணோம். வழியில் இருக்கிறதா?" என்று கேட்டாள். நாளை வரும் என்று பதில் போட்டேன். துறைமுகத்தில் கண்டதைச் சொல்லவில்லை. புதன். வியாழன். வெள்ளிக்கிழமை சொன்னேன். அவளிடமிருந்து ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.

அதன்பிறகு வந்த செய்திகளில் பெயர் மட்டும் இருந்தது. பெயரும் நேரமும். முதலில் உஸ்மான். அடுத்த நாள் ஸைனப். அப்புறம் ஒரே நாளில் மூன்று பேர். இத்ரீஸ் வாத்தியாருக்கு மட்டும் கொஞ்சம் நீளமான செய்தி. மூச்சு முட்ட ஆரம்பித்ததும் பேரீச்சம்பழம் கேட்டாராம். ஆமினா வாங்கி வந்து கொடுத்திருக்கிறாள். ஏழு தின்றாராம். ஹிபாவுக்கு எந்த விவரமும் இல்லை. காலை ஐந்து நாற்பது. அவ்வளவுதான்.

நான் சமையல்கட்டில் உட்கார்ந்து அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதுவேன். கணேசன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்.

"பொழச்சு வந்ததே பெருசு மலரு. நீ என்ன பண்ணுவ? ஓங்கிட்ட பொய் சொன்னவன்ல தூங்காம இருக்கணும்?"

"பொய்ய அவுக முகத்தப் பாத்து அவனாங்க சொன்னான்? நாந்தானங்க சொன்னேன்."

அவர் எனக்குத் தட்டில் சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போனார்.

இரண்டு மாதத்தில் புதுக்கோட்டையில் ஒரு டயாலிசிஸ் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவேன். இங்கே மின்சாரம் போனால் ஜெனரேட்டர் ஓட எட்டு நொடி. அந்த எட்டு நொடியும் என் கை பம்பின் கைப்பிடியில் இருக்கும். சக டெக்னீஷியன்கள் முதலில் சிரித்தார்கள். இப்போது சிரிப்பதில்லை.

ஒரு வருடம் கழித்து மின்னஞ்சல் வந்தது. அந்த நான்கு அமைப்புகளும் சேர்ந்து இணையத்தில் ஒரு கூட்டம் நடத்துகின்றன. பன்னாட்டு ஒத்துழைப்பு எப்படி உயிர் காத்தது என்று பேசப்போகிறார்கள். நேரில் கண்டவர் என்ற முறையில் நான் ஐந்து நிமிடம் பேச வேண்டும். நம்பிக்கை தரும்படி பேசினால் நல்லது. கூடவே அறிக்கை ஒன்றை இணைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் கணேசன்தான் அதைத் திறந்தார்.

"மலரு, இங்கிட்டு வா. இது ஒன் கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான். கோடு போட்ட தாள். பதினான்கு வரி. முழுப் பக்கத்துக்குப் போட்டிருந்தார்கள். நோயாளிகளின் அந்தரங்கம் காக்க வேண்டும் என்று பெயர்களை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். படத்துக்குக் கீழே ஒரு வரி. டயாலிசிஸ் உதவி: பயனடைந்தோர் பதினான்கு பேர்.

கணேசன் அதை எழுத்துக்கூட்டி வாசித்தார். மறுபடியும் வாசித்தார்.

"பயனடைஞ்சாங்களா? யாரு?" என்றார்.

பெயர்கள் எழுதிய என் தாளை எடுத்து வந்தேன். கூட்டத்தில் பேசுகிறேன் என்று பதில் எழுதினேன்.

கூட்டத்தன்று மதியம் மூன்று மணி. எங்கள் பிரிவின் ஸ்டோர் ரூமில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். திரையில் இருபது முகம். அவரும் இருந்தார். நீல மேல்சட்டை இல்லை. பதவி உயர்ந்திருந்தது. என் முறை வந்தது. நான் எதையும் விவரிக்கவில்லை. பெயர்களை வாசித்தேன். பெயர், இறந்த நாள், நேரம். ஆறாவது பெயரில் போதும் என்று எழுதிக் காட்டினார்கள். வாசித்தேன். ஒன்பதாவது பெயர் ஹிபா. அதையும் முடித்தேன்.

"நெஞ்சைத் தொடும் சாட்சியம். மிக்க நன்றி" என்றார் அவர்.

இந்தப் பதினான்கு பேருக்கும் என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர்களின் தேவை முறையாகப் பதிவு செய்யப்பட்டது, அதுவும் உதவியின் ஒரு கட்டம்தான் என்றார். துறைமுகத்தில் கிடந்த பெட்டிகள் என்னவாயின என்று கேட்டேன். என் ஒலியை நிறுத்தினார்கள். நான் பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது, யாருக்கும் கேட்கவில்லை என்று.

அறிக்கையைத் திருத்தச் சொல்லி எழுதினேன். நான்கு முறை. கூட்டு ஆவணம், நான்கு அமைப்புகளும் சம்மதித்தால்தான் திருத்தலாம் என்று பதில் வந்தது. மூன்று சம்மதித்தன. நான்காவது அமைப்பு இப்போது இல்லை. கலைத்துவிட்டார்களாம். ஆகவே திருத்த முடியாது.

அதனால் இங்கே எழுதுகிறேன். அவர்கள் எழுதாததை எழுதுகிறேன்.

எங்களிடம் பதிவான இருபத்திரண்டு பேரில் எட்டுப் பேர் முதல் வாரத்திலேயே வரவில்லை. அவர்களைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. பட்டியலில் எழுதிய பதினான்கு பேரில் ஒன்பது பேர் இறந்தார்கள். உஸ்மான், ஸைனப், அப்துல் காதிர், மர்யம், இத்ரீஸ், ஃபாத்திமா, யூசுப், ஹஸன், ஹிபா. ஒருவர்மேலும் குண்டு விழவில்லை. மூன்று பேர் ஊரைவிட்டு நடந்தார்கள். எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தெரியாது. இரண்டு பேர் உயிரோடு இருக்கிறார்கள். ஆமினா அவர்களை லாரியில் ஏற்றி, மூன்று நாள் பயணம் செய்து, வேறு நகரத்தில் மெஷின் உள்ள மருத்துவமனையில் சேர்த்தாள். நான்கு கொடியில் ஒன்றும் அவளுக்கு உதவவில்லை. பயனடைந்தோர் இரண்டு பேர். உதவியவர் ஒருவர்.

ஆமினா உயிரோடு இருக்கிறாள். அந்த இரண்டு பேரைச் சேர்த்துவிட்டு ஒரு செய்தி அனுப்பினாள். "செவ்வாய் என்று நீதான் சொன்னாய் மலர்." அதற்கு நான் எழுதிய பதில்களை அவள் திறந்து பார்க்கவில்லை. இனிப் பார்ப்பாள் என்று தோன்றவில்லை. இழந்தவர்களின் கணக்கில் அவளையும் சேர்க்கிறேன்.