கொடுத்த சொல்லுக்காக வாசலில் நின்ற எனிட் கிரேஸ்டேல் அவர்களுக்கு

ஸ்கெல்பி விரிகுடா தந்த செல்வமே, இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் குறைகளைக் குறையாமல் சுமந்து இலண்டன் மன்றத்தில் இறக்கி வைத்த இரும்பு நெஞ்சத்தவரே, கட்சிக் கொறடாக்களின் உறக்கம் கெடுத்த கோமகளே, இன்று ஓய்வு காணும் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரே, வணக்கம்.

கரிச்சுரங்கத்தில் கரியோடு கரியாய்க் கரைந்த தந்தைக்கு மகளாய்ப் பிறந்தீர்கள். அவர் இருமி இருமி அடங்கிய குளிர்காலத்தில்தான், புகையில்லாமலும் விளக்கெரிய வழியுண்டு என்று நம் கடலோரத்து அணுமின் நிலையத்தை நம்பத் தொடங்கினீர்கள். அணு என்றாலே அலறியவர்கள் உங்கள் கட்சியிலேயே பாதிப் பேர். அவர்கள் நடுவே எழுந்து நின்று ஆதரித்தீர்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. "கழிவை எங்க வைப்பீங்க, யாரு காவல் காப்பாங்க, அதை முதல்ல சொல்லுங்க" என்று நீங்கள் குடைந்த குடைச்சலில், உங்கள் கார் நிலையத்து வாசலில் திரும்பினாலே பெரிய பொறியாளர்கள் கோப்புகளைத் தேடி ஓடுவார்கள்.

பழைய உலைக்கு வயதாகிக்கொண்டிருந்தது. இரண்டாவது உலை வந்தால்தான் ஊருக்குப் பிழைப்பு. அதற்கான மசோதா இறுதி வாக்கெடுப்புக்கு வந்த நாளை இவ்வூரில் எவர் மறப்பார்?

எதிரணியில் ஒருவர் வர இயலாதபோது, இவ்வணியில் ஒருவர் வாக்களிக்காமல் ஒதுங்கி நிற்பது அம்மன்றத்து வழக்கம். சட்டமன்று, சாட்சியுமில்லை, வெறும் வாய்ச்சொல். எதிரணியின் டெஸ்மண்ட் ப்ரைஸ், அணுவுலையைக் கனவிலும் வெறுப்பவர், இதய அறுவைக்குப் போகுமுன் உங்களிடம் அந்தச் சொல்லைப் பெற்றிருந்தார். மசோதா அதே நாளுக்குத் தள்ளி வைக்கப்படும் என்று அப்போது யாருக்கும் தெரியாது.

மணி அடித்தது. உறுப்பினர்கள் வாக்களிக்கும் கூடத்துக்குள் நடந்தார்கள். நீங்கள் வாசலிலேயே நின்றுவிட்டீர்கள். கொறடா ஓர்ம் வியர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"எனிட், உள்ள போ. மனுஷன் மயக்க மருந்துல கிடக்கான். இதையெல்லாம் வந்து கேக்கவா போறான்?"

"கேக்க மாட்டாருதான். அதனாலதான் போக முடியல."

"உங்க ஊரு உலைம்மா அது. எங்க ஊருதா?"

"தெரியும் ஓர்ம். சனிக்கிழமை அவங்க முகத்துல நான்தானே முழிக்கணும்?"

கதவுகள் சாத்தப்பட்டன. எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சரிசமம். சரிசமமானால் சபாநாயகர் தம் வாக்கைப் போட்டுப் புதியதொன்றை நிறைவேற்றித் தருவதில்லை. உங்கள் ஒற்றை வாக்கில் நம் உலை போயிற்று.

அந்தச் சனிக்கிழமை, தொகுதி மக்களை நீங்கள் வழக்கமாகச் சந்திக்கும் தேவாலயக் கூடத்தில் நிற்க இடமில்லை. பற்றவைப்புத் தொழிலாளி டெட் நிக்சன் மேசையை ஓங்கித் தட்டினார். "ஒரே ஒரு கதவு வழியா நடந்து போகத்தானே உன்னை அனுப்பினோம்? அதைக்கூடச் செய்யத் துப்பில்லையா?"

"செய்யலதான் டெட். திட்டு. அப்படியே டீயையும் குடி, ஆறிடப் போகுது" என்றீர்கள்.

அவர் குடித்தார்; குடித்துவிட்டு மேலும் திட்டினார். மாலைவரை ஒருவரையும் திருப்பி அனுப்பாமல், ஒரு சாக்கும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் போனபின் அந்தக் கூடத்துச் சமையலறையில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நீங்கள் அழுததை உங்கள் அலுவலகப் பணியாளர்களாகிய நாங்கள் பார்த்தோம். பார்த்ததை இன்றுதான் சொல்கிறோம்.

அடுத்த தேர்தலில் மயிரிழையில் பிழைத்தீர்கள். மசோதாவும் மறுபடி வந்தது. இம்முறை ப்ரைஸ் உடல் தேறி வந்திருந்தார். நீங்கள் பேச எழுந்தபோது, வெளியே கிளம்பிய தம் கட்சிக்காரர்களைக் கையமர்த்தினார். "உக்காருங்கய்யா. நான் அவங்களுக்கு எதிராத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனா உலை பத்திரமா இருக்கும்னு அந்தம்மா சொன்னா, அது விசாரிச்சுட்டுச் சொல்ற சொல்லு. கேட்டுட்டு அப்புறம் எதிர்த்துக்குங்க."

உட்கார்ந்தார்கள். கேட்டார்கள். கேட்டவர்களில் ஏழு பேர் உங்களோடு நடந்தார்கள், மசோதா நிறைவேறியது. ப்ரைஸ் மட்டும் சொன்னபடியே எதிர்த்து வாக்களித்தார்.

இன்று கடற்கரையில் இரண்டாவது உலை ஓடுகிறது. டெட் நிக்சனின் மகள் அங்கே பணிமுறைப் பொறுப்பாளர். வாசற் கல்வெட்டில் அமைச்சர்கள் பெயர் வரிசையாக இருக்கிறது, உங்கள் பெயர் இல்லை. எங்களுக்கு அதில் கோபம் உண்டு. உங்களுக்கு இல்லை என்பதில் அதைவிடக் கோபம். ஊர் பிழைத்தது உங்களால். உண்மையாய் இருந்தும் அரசியலில் உயரலாம் என்று நாங்கள் கற்றதும் உங்களால். நன்றி, தாயே.

இனியாவது சனிக்கிழமைகளில் தாமதமாக எழுந்து, சூடு குறையாத தேநீர் அருந்தி, உடல் நலமும் உள்ள மகிழ்வும் குன்றாமல் நெடுங்காலம் எங்கள் நடுவே வாழ்வீர்களாக.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. இந்த மடலைப் பற்றிக் கேள்விப்பட்டு, வேல்ஸிலிருந்து இரயிலேறி ஒருவர் இன்று காலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். "உலையைப் புகழ்ந்து ஒரு வரி இருந்தாலும் கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார். முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு பேனா கேட்டார்.

நன்றி மறவா,

லென் பிராக்
டோரா ஸ்கெல்டன்
வினிஃபிரெட் மௌன்சி
ஸ்கெல்பி தொகுதி அலுவலகப் பணியாளர்கள்

டெஸ்மண்ட் ப்ரைஸ்
எதிர்க்கட்சி; இன்றும் எதிர்ப்புதான்