மெதுவான டாக்டர்

— மூக்குக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிச்சிட்டீங்களா டாக்டர்? அப்போ முடிவு பண்ணிட்டீங்க.

— கண்ணாடி அழுக்கா இருக்கு, துடைக்கிறேன். இதுல என்ன முடிவு?

— இத்தனை வருஷமா பாக்குறேனே! மதிப்பீட்டுக் குழு கூடுற அன்னிக்கு மட்டும்தான் அது அழுக்காகும். யாரையாவது நிறுத்தி வைக்கணும்னா சட்டை நுனியாலயே தேய் தேய்னு தேய்ப்பீங்க. எல்லாரும் தேறின அன்னிக்குத் தூசியோடயே கிளம்பிடுவீங்க.

— அத்தை, பயிற்சி டாக்டர் பசங்களோட லீவு, டியூட்டி, சண்டை சச்சரவு, இதெல்லாம் உங்க பொறுப்பு. அதனாலதான் அவங்க உங்களை அத்தைங்கிறாங்க, நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிட்டேன். ஆனா யார் தேறணும், யார் தேறக்கூடாதுங்கிறது இந்தப் பயிற்சித் திட்டத்தோட தலைவர் பொறுப்பு. அதாவது என் பொறுப்பு.

— சரிங்க தலைவரே. யாருன்னு மட்டும் சொல்லிடுங்க.

— தெரியாத மாதிரி கேக்குறீங்க. கடைசி வருஷத்துப் பொண்ணு. நம்ம ஆமை.

— அந்தப் பேரை நீங்களுமா சொல்லணும்?

— கூடப் படிக்கிறவங்க வச்ச பேருதானே. பாருங்க, குடும்ப மருத்துவத்துக்கு வெளிநோயாளிப் பிரிவுதான் உயிர்நாடி. ஒரு காலைப் பொழுதுல மத்தவங்க பாக்குறதுல பாதிப் பேரைக்கூட அவ பாக்குறதில்ல. அவ ரூமுக்கு வெளிய ஜனங்க பெஞ்சுல உக்காந்து உக்காந்து, பக்கத்துல இருக்கிறவங்களோட சம்பந்தமே பேசி முடிச்சிடுவாங்க போல. இன்னும் ஒரு வருஷம் பயிற்சியில இருக்கட்டும்னு குழுகிட்ட சொல்லப் போறேன்.

— இன்னும் ஒரு வருஷமா! பிள்ளையைப் புருஷன்கிட்ட விட்டுட்டு வேற ஊர்ல வந்து கிடக்குறா டாக்டர். அது இப்பல்லாம் போன்ல அம்மான்னு கூப்பிடுறதில்லையாம், டாக்டர்னு கூப்பிடுதாம். அவ சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வரல.

— எனக்கு மட்டும் என்ன, இரும்பு மனசா? ஒரு கதை சொல்றேன், கேளுங்க.

— உங்ககிட்ட கதைக்கா பஞ்சம்? சொல்லுங்க. பக்கத்து ரூம்ல குழு காத்திருக்கட்டும்.

— ஒரு சலவைக்காரர்கிட்ட ரெண்டு கழுதை இருந்துது. ஒரே ஆத்தங்கரை, ஒரே பாதை, ஒரே தீனி. ஆனா ஒண்ணு பொழுது சாயறதுக்குள்ள வீடு வந்துடும். இன்னொண்ணு நல்லா இருட்டினதும்தான் வரும். அவர் அதை அடிக்கல, விக்கல. இன்னும் கொஞ்ச காலம் நடந்து பழகட்டும்னு அதே பாதையில விட்டார். அதுக்குப் பேர் தண்டனை இல்ல, கருணை.

— கதை பாதியில நிக்குதே டாக்டர். மூட்டையைக் கட்டினது யாரு?

— எந்த மூட்டை?

— கழுதைன்னா முதுகுல மூட்டை இருக்குமில்ல? மீதியை நான் சொல்றேன். மூட்டை கட்டினது அவர் வீட்டுக்காரி. காஞ்ச துணியெல்லாம் ஒண்ணு மேல ஏத்துவா, ஈரத் துணியெல்லாம் இன்னொண்ணு மேல ஏத்துவா.

— ஏன் அப்படி?

— ஈரத் துணியை ஏத்தினா முதல் கழுதை உதைக்கும். இது உதைக்காது. அவ்வளவுதான் காரணம்.

— சுத்தி வளைக்காதீங்க அத்தை. என்ன சொல்ல வர்றீங்க?

— அந்த வீட்டுக்காரி நான்தான்னு சொல்ல வர்றேன். யாரை எந்த டாக்டர்கிட்ட அனுப்புறதுன்னு முடிவு பண்றது என் மேசைதானே? போன்ல நேரம் கேட்டுக் கூப்பிடுறவங்க குரலை வச்சே எனக்குத் தெரிஞ்சிடும். சளி, இருமல், முட்டி வலியெல்லாம் மத்த பசங்களுக்குத் தள்ளிடுவேன். பொண்டாட்டியைப் பறிகொடுத்தவர், தூக்கம் வராதவங்க, பை நிறைய மாத்திரையோட எந்த டாக்டரும் சரியில்லைன்னு வர்றவங்க, எல்லாரும் அவளுக்கு. வேற யார் காது குடுத்துக் கேக்குறா? "பேச விடுற டாக்டர் இருக்காங்களாமே"ன்னு ஜனங்களே தேடி வர்றாங்க. நோயாளிக்கு நல்லதுதானேன்னு செஞ்சேன். அது அவ தலையில போய் விடியும்னு சத்தியமா நினைக்கல.

— இதை யார்கிட்டயாவது சொன்னீங்களா?

— இனிமேதான். குழு முன்னாடி வந்து நானே சொல்றேன். என் வேலை போனாலும் போகட்டும். நாளையிலேர்ந்து எல்லார் பேர்லயும் சமமா கலந்து போடுறேன்.

— வேண்டாம். உக்காருங்க.

— ஏன் வேண்டாம்?

— எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நீங்க யாரை யார்கிட்ட அனுப்புறீங்கன்னு. ரொம்ப நாளாவே தெரியும்.

— தெரிஞ்சுமா டாக்டர்? தெரிஞ்சுமா அவளை நிறுத்தப் போறீங்க?

— சத்தத்தைக் குறைங்க. அடுத்த வருஷம் சேர்றதா இருந்தவங்க கடைசி நேரத்துல கையை விரிச்சிட்டாங்க. வார்டு பாக்க ஆள் இல்ல. ஆய்வுக்கு வர்றவங்க கண்ணுல இது பட்டா திட்டத்தையே மூடச் சொல்லுவாங்க. மூடிட்டா மத்த பசங்க படிப்பு அந்தரத்துல தொங்கும். யாராவது ஒருத்தரை இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கிட்டாத்தான் வண்டி ஓடும். வேற யாரை நிறுத்தினாலும் அப்பா வருவார், மாமா வருவார், வக்கீல் வருவார்.

— இவ உதைக்க மாட்டா.

— நான் அப்படிச் சொல்லல.

— வேற எப்படித்தான் சொன்னீங்க?

— யாரோ கதவைத் தட்டுறாங்க. உள்ள வாங்க!

— சார், மன்னிச்சுக்குங்க. அத்தையும் இங்கதான் இருக்கீங்களா? அதாவது... குழு கூடுறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிடலாம்னு வந்தேன் சார்.

— சொல்லும்மா.

— நான் மெதுவா பாக்குறேன்னு எனக்கே தெரியும் சார். மூளை அவ்வளவுதான் போலன்னு நினைச்சுக்குவேன். ஆனா இந்த வாரம் பூரா எல்லாரையும் நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன். ஒரு வழி கண்டுபிடிச்சேன் சார். அவங்க ரெண்டாவது விஷயத்தை ஆரம்பிக்கும்போதே நான் எழுந்து நின்னுடுறேன். டாக்டர் எழுந்தா அவங்களும் எழுந்துடுவாங்க. வீட்டுக்காரர்கிட்ட போன்லயே ஒத்திகை பாத்தேன், அவர் பேசப் பேச வெட்டி விட்டேன். "எங்கம்மாவே தேவலாம்"னுட்டார் சார்.

— பாத்தீங்களா அத்தை? பழகினா வருது.

— நீங்க சும்மா இருங்க டாக்டர். இந்தாம்மா, இன்னிக்குக் காலைல தலைவலின்னு ஒரு பொண்ணு வந்திருக்கணுமே? கழுத்துல துணி சுத்திக்கிட்டு?

— ஆமா அத்தை, இங்க வர்றதுக்கு முன்னாடி பாத்தது அவங்களைத்தான். மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன். சட்டுனு முடிஞ்சுது.

— கழுத்துத் துணியை எடுக்கச் சொன்னியா?

— இல்லையே. காய்ச்சல் இல்ல, பிரஷர் சரியா இருந்துது, அதனால...

— இந்தப் புழுக்கத்துல கழுத்தை மூடிக்கிட்டு எதுக்கு ஒருத்தி வருவா?

— அத்தை...

— என்ன சொன்னாங்க உன்கிட்ட? யோசிச்சுச் சொல்லு.

— நான் எழுந்து நின்னும் அவங்க எழுந்திருக்கல. "இன்னொண்ணு சொல்லணும்"னாங்க. அடுத்த தடவை சொல்லலாம்னு நானே கதவைத் திறந்து விட்டேன்.

— போன்ல குசுகுசுன்னு பேசின பொண்ணு அது. பின்னாடி ஒரு ஆம்பளைக் குரல் கேட்டதும் "ராங் நம்பர்"னு வச்சிடுச்சு. அப்புறம் திரும்பக் கூப்பிட்டு, பேச விடுற டாக்டர்கிட்டதான் வருவேன்னு சொல்லுச்சு. இதே தலைவலின்னு முன்னாடியே வந்து மத்த பசங்ககிட்ட மாத்திரை வாங்கிட்டுப் போயிருக்கு. உன்னைப் பாக்கணும்னுதான் இன்னிக்கு வரைக்கும் காத்துக்கிட்டிருந்துது.

— ஐயோ... நான் என்ன பண்ணிட்டேன்!

— அப்புறம் அழலாம். எங்க இருக்கும் இப்ப?

— மருந்து வாங்குற இடத்துல வரிசை நீளமா இருந்துது. அங்க நிக்கலாம். சார், நான் போகட்டுமா? அவங்களை உக்கார வச்சுப் பேசினா மதியம்கூட ஆயிடும். பெஞ்சுல இன்னும் என் ஆளுங்க காத்திருக்காங்க. பரவாயில்ல சார், இதுக்காக என்னை ஒரு வருஷம் நிறுத்தினாலும்...

— ஓடு.

— சார்?

— ஓடும்மா! பேரைச் சொல்லிக் கத்தாத. யாராவது கூட வந்திருக்கலாம். பிரஷரை இன்னொரு தடவை பாக்கணும்னு மட்டும் சொல்லித் தனியா கூட்டிட்டு வா. இந்த ரூம்லயே உக்கார வை. இங்க யாரும் வந்து அவசரப்படுத்த மாட்டாங்க. போ!

— கதவைக்கூடச் சாத்தாம ஓடுறா பாருங்க.

— ஜன்னல்கிட்ட போய்ப் பாருங்க அத்தை. எனக்கு அவ்வளவு தூரம் தெரியாது. வரிசையில இருக்காங்களா?

— வரிசையில காணோமே. இருங்க... வாசக் கதவுகிட்ட நிக்குது. மருந்து வாங்காமலே கிளம்பிடுச்சு போல.

— நம்ம பொண்ணு எங்க?

— மாடிப்படி இறங்கிட்டா. ஒரு தள்ளு வண்டி குறுக்க வருது... நகருய்யா! தாண்டிட்டா. பக்கத்துல போயிட்டா. பேசுறா.

— வர்றாங்களா?

— யோசிக்குது. துணியை இன்னும் இறுக்கி விட்டுக்குது. தெருவைப் பாக்குது.

— அப்புறம்?

— திரும்பிடுச்சு டாக்டர். அவளோட வருது.

— அந்த ஸ்டெதாஸ்கோப்பை எடுங்க.

— ஸ்டெதாஸ்கோப் எதுக்கு? கூட்டம் என்னாச்சு? எல்லாரும் பக்கத்து ரூம்ல உக்காந்திருக்காங்க, நான் போய் என்ன சொல்ல?

— நம்ம பொண்ணு நல்லபடியா தேறிட்டா, நேரத்துக்கு வீட்டுக்குப் போறான்னு சொல்லுங்க. வார்டுக்கு ஆள் இல்லாதது என் பாடு. அடுத்த வருஷ ராத்திரி டியூட்டியில என் பேரையும் போடுங்க.

— உங்க பேரா? இந்த வயசுலயா?

— போடுங்க, செத்துட மாட்டேன்.

— நீங்க எங்கன்னு கேட்டா?

— இங்க ஒருத்தருக்கு இன்னும் ஒரு வருஷம் பயிற்சி வேணும்கிறது உண்மைதான், அவர் இப்ப நம்ம பொண்ணோட ரூமுக்குப் போய் பெஞ்சுல இருக்கிறவங்களை ஒவ்வொருத்தரா உக்கார வச்சுக் கேட்டுக்கிட்டிருக்கார்னு சொல்லுங்க.