பழுப்பு டேப் ஒட்டிய பெட்டி

என் பெயர், தகப்பனார் பெயர், விடுதி முகவரி எல்லாம் மேலே தனியாக எழுதிக்கொண்டாகிவிட்டது. வயது இருபத்து நான்கு. மருத்துவக் கல்லூரியில் சமூக நல மருத்துவப் பிரிவில் முதுநிலை படிக்கிறேன். தையல் கூடங்களில் வேலை செய்யும் பெண்கள் விடாமல் இருமினாலும் காசநோய்ப் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்பது என் ஆய்வு. மாணவர் ஆய்வுகளுக்கு உதவித்தொகை தரும் ஓர் அறக்கட்டளை இதற்குப் பணம் கொடுத்திருக்கிறது. இன்று காலை பேருந்து நிறுத்தத்தில் கிடந்த பெட்டி என்னுடையதுதான். இப்போது அதைத் திருப்பித் தந்துவிட்டார்கள், என் காலடியில் இருக்கிறது. ஆனால் வாக்குமூலம் கொடுக்காமல் வாசலைத் தாண்டக் கூடாது என்று இன்ஸ்பெக்டர் சொல்லியிருப்பதால் உட்கார்ந்து சொல்கிறேன். ஆய்வகம் மாலையில் மூடிவிடும். அதற்குள் இதில் இருக்கும் ஒரு குப்பி அங்கே போய்ச் சேர வேண்டும். ரைட்டர் ஐயா கொஞ்சம் வேகமாக எழுதினால் நல்லது. நான் இப்படிச் சொன்னதையும் அவர் எழுதிக்கொண்டிருக்கிறார், அதற்கு ஒரு நிமிடம் போய்விட்டது.

உதவித்தொகை பெரிய தொகை ஒன்றும் இல்லை. ஒரு குளிர்பெட்டி, ஐஸ் பொதிகள், சளியைப் பிடித்து வைக்க மூடி போட்ட குப்பிகள், பேருந்துச் செலவு, அதோடு சரி. பெட்டிக்குள் சூடு ஏறினால் தெரிய வேண்டும் என்று ஒரு தெர்மாமீட்டரும் வாங்கினேன். அதன் ஒயர் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போகும், வெளியே சிறிய கண்ணாடியில் சிவப்பு எண் எரியும். பச்சை எண் எரிகிறதும் கடையில் இருந்தது, விலை கூட. எந்த நிறத்தில் எரிந்தால் என்ன என்று சிவப்பையே வாங்கினேன். அறக்கட்டளையின் நிபந்தனை ஒன்றுதான். பெட்டியின் நாலு பக்கமும் அவர்கள் அனுப்பிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். 'காசநோய் ஆராய்ச்சி' என்று உள்ளங்கை அகல எழுத்தில், அதற்குக் கீழே அவர்கள் பெயரும் சின்னமும்.

அந்த ஸ்டிக்கரோடு நான் தையல் கூடத்துப் பெண்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்குப் போனேன். தலை வீட்டில் நான் நின்றதும் கடைசி வீடு வரை கதவு சாத்திக்கொண்டது. ஒரு அம்மாள் மட்டும் ஜன்னல் வழியாகப் பேசினார். "எங்க வாசல்ல இந்தப் பொட்டியோட நிக்காதம்மா, உனக்குப் புண்ணியமா போகும். நாளைக்கு எம் பொண்ணைப் பாக்க வர்றாங்க" என்றார். அதன் பிறகு நான் என் வழிகாட்டிப் பேராசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர், "ஸ்டிக்கர் மேல பிரவுன் டேப்பை ஒட்டிக்க. அறக்கட்டளைக்காரங்க பாக்க வந்தா மட்டும் உரிச்சிடு" என்றார். நான் அப்படியே செய்தேன். அதன் பிறகு கதவுகள் திறந்தன. பெட்டியில் குளிர் இருப்பதைப் பார்த்த குழந்தைகள் எனக்கு 'ஐஸ்காரி' என்று பெயர் வைத்தார்கள், பெரியவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். "ஐஸ்காரி வந்துட்டாடீ, ஆளுக்கொண்ணு வாங்கிக்குங்க" என்று கேலி பேசுவார்கள். இரும வேண்டியவர்கள் பின்பக்கம் வந்து இருமிக் குப்பியைக் கொடுப்பார்கள். குப்பியில் பெயர் இருக்காது, என் குறி மட்டும்தான்.

அந்தப் பெண்கள் வேலை செய்யும் தையல் கூடத்தில் சட்டைக்குப் பொத்தான் துளை தைக்கிற காஜா மெஷினில் ஒருவர் இருக்கிறார். அவரைக் காஜா அக்கா என்றே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன். அவருக்கு மாசக்கணக்காக இருமல். மெஷின் ஓடும் சத்தத்தில் சேர்த்து இருமிவிட்டு, சத்தம் நிற்கும்போது வாயைக் கெட்டியாக மூடிக்கொள்வார். ரவிக்கை தொளதொளவென்று ஆகிவிட்டது. எப்போது குப்பியை நீட்டினாலும், "எனக்கென்ன கேடு? துணித் தூசிம்மா" என்று தள்ளிவிடுவார். ஒரு தடவை மட்டும் உண்மையைச் சொன்னார். கணவர் வெளியூரில் வேலை, இவர் மாமியார் வீட்டில் இருக்கிறார், நாத்தனாரும் இதே கூடத்தில் பொத்தான் தைக்கிறார். "அவ காதுல விழுந்துச்சுன்னா என்னை எங்கம்மா வீட்டுக்கு மூட்டை கட்டிடுவாங்க. போறதைப் பத்தி இல்ல. பாப்பாவை எங்கூட அனுப்ப மாட்டாங்க" என்றார். பாப்பா இன்னும் பள்ளிக்கூடம் போகாத குழந்தை.

இன்று காலை நான் கூடத்துக்குப் போனதும் அவரே எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துப் போனார். வெட்டுத்துணி மூட்டைகள் போட்டிருக்கும் திறந்த இடம் அது. "பாப்பாவும் இரும ஆரம்பிச்சிட்டா. குடு அந்த டப்பாவை" என்றார். நான் காற்று வீசும் திசை பார்த்து அவரை நிற்கவைத்து, வெறும் எச்சில் வேண்டாம், ஆழமாக மூச்சு இழுத்து நெஞ்சிலிருந்து எடுக்க வேண்டும் என்று சொன்னேன். அவர் மூட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு மூடியை இறுக்கி என்னிடம் கொடுத்துவிட்டு, "எம் பேரு வெளிய வரக் கூடாது. வந்துச்சுன்னா நீ எனக்குச் செஞ்சது நல்லதே இல்ல, பாத்துக்க" என்றார். நான் வராது என்று அவர் கையைத் தொட்டுச் சொன்னேன்.

அதன் பிறகு நான் கூடத்துக்கு எதிரே உள்ள பேருந்து நிறுத்தத்துக்கு வந்து பெட்டியை சிமெண்ட் பெஞ்சில் வைத்தபோது பேராசிரியை போனில் கூப்பிட்டார். அறக்கட்டளை அதிகாரி இன்று மதியம் ஆய்வைப் பார்க்க வருகிறார், உடனே டேப்பை உரி என்றார். பெஞ்சில் என் இரண்டு பக்கமும் ஆட்கள் இருந்தார்கள். 'காசநோய்' என்ற சொல்லை அவர்கள் காதில் போடக் கூடாது என்பதற்காக நான் எழுந்து கொஞ்ச தூரம் தள்ளிப்போய்ப் பேசினேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். வாயை மறைக்கத் தோன்றியது, பெட்டியை மறந்தேன். என் புத்தி அப்படி வேலை செய்திருக்கிறது.

பேசிவிட்டுத் திரும்பினால் எல்லோரும் என்னைத் தாண்டி ஓடுகிறார்கள். ஒரு நடத்துனர் விசிலை ஊதிக்கொண்டே ஓட்டுநரிடம், "வண்டியை பேக்ல எடு, பேக்ல எடு" என்று கத்துகிறார். பெஞ்சில் என் பெட்டி மட்டும் இருக்கிறது. சுற்றிலும் டேப், மூடி இடுக்கில் ஒயர், சிவப்பு எண் மாறிக்கொண்டிருக்கிறது. அவர்கள் கண்ணுக்கு அது என்னவாகத் தெரிந்தது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே வெளியே ஓட நான் ஒருத்தி மட்டும் பெட்டியை நோக்கி ஓடினேன். அதற்குள் வந்துவிட்ட ஒரு பெண் காவலர் என் கையை முறுக்கிப் பிடித்து, "உள்ள என்னடி இருக்கு?" என்று கேட்டார்.

கூடத்துப் பெண்கள் எல்லாரும் வேடிக்கை பார்க்க வாசலுக்கு வந்திருந்தார்கள். முன்வரிசையில் அந்த நாத்தனார். "ஐயையோ, நம்ம ஐஸ்காரிடீ! காலைலகூட எங்கண்ணி இவகூடப் பின்பக்கம் போனாங்களே" என்று பக்கத்தில் சொல்வது எனக்குக் கேட்டது. நான் சளி என்று சொன்னால் அடுத்த நொடி யாருடைய சளி என்று அவருக்குத் தெரிந்துவிடும். அதனால், "ஒண்ணுமில்ல மேடம்" என்றேன். சிவப்பு எண் எரிகிற பெட்டியைக் காட்டி ஒண்ணுமில்லை என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? என்னை வண்டியில் ஏற்றினார்கள். பெட்டியை ஒரு நீளக் கம்பில் மாட்டித் தூக்கிவந்து இங்கே ஸ்டேஷன் முற்றத்தில் நட்ட நடு வெயிலில் வைத்து மணல் மூட்டை அடுக்கினார்கள்.

இந்த அறைக்கு வந்ததும் இன்ஸ்பெக்டரிடம் உண்மையைச் சொன்னேன். கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். "அட்டை யாரு வேணா அடிச்சுக்கலாம்" என்றார். பேராசிரியைக்குப் போன் அடித்தால் வகுப்பில் இருப்பதால் அணைத்து வைத்திருந்தார். அதன் பிறகு இன்ஸ்பெக்டர் அறக்கட்டளைக்கு அடித்தார். அந்த அதிகாரி சொன்னது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. "எங்க பெட்டின்னா எங்க ஸ்டிக்கர் இருக்கும் சார். ஸ்டிக்கர் இல்லாத பெட்டிக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். டேப்பை உரித்துப் பாருங்கள், அடியில் எழுதியிருக்கிறது என்று கத்தினேன். "யாரு உரிக்கிறது? நீயே சொல்லு" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். நான் உரிக்கிறேன் என்றேன், விடவில்லை. வெடிகுண்டு நிபுணர்கள் வருவார்கள், தண்ணீரைப் பீய்ச்சி உடைத்துப் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள்.

அந்த ஜன்னலில் நின்றால் மூட்டைகளுக்கு மேலே எண் தெரியும். அது ஏறிக்கொண்டே இருந்தது. நான் ஜன்னலுக்கும் மேசைக்குமாகக் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்தேன். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தேன், மறுபடி எழுந்தேன். வெயிலில் வெந்த சளியை ஆய்வகம் வாங்காது. மற்றவர்களிடம் நாளைக்குக் கெஞ்சலாம், காஜா அக்கா இனிமேல் தருவாரா என்று நினைக்க நினைக்க அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தது. இன்ஸ்பெக்டர் தணிந்த குரலில், "சளி குடுத்தவங்கள்ல ஒரே ஒரு பேரு சொல்லும்மா. ஆளை விட்டு விசாரிச்சிட்டு உன்னையும் பெட்டியையும் விட்டுடறேன்" என்றார். பெயர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. சொன்னால் பெட்டி பிழைக்கும், அக்காவுக்குக் குழந்தை போய்விடும். வேறு பெயரைச் சொன்னாலும் அந்த வீட்டிலும் இதே கதைதான். எனக்குத் தெரியாது சார் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

அப்போது வெளியே சத்தம் கேட்டது. காஜா அக்கா பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். தலைமுடியில் நூல் துணுக்கு ஒட்டியிருந்தது. பின்னாலேயே நாத்தனார், "அண்ணி, உங்களுக்கென்ன பைத்தியமா, போலீஸ் ஸ்டேஷன்ல உங்களுக்கு என்ன வேலை?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். அக்கா வாசலில் நின்றபடி எல்லோர் காதிலும் விழும்படி பேசினார். "அந்தப் பொட்டில இருக்கறது என் சளி. டிபி இருக்கான்னு பாக்க நான்தான் குடுத்தேன். குண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அந்தப் பொண்ணை விடுங்க" என்றார்.

நாத்தனார் வந்து அக்காவின் இடுப்பிலிருந்து பாப்பாவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனார். பாப்பா கையை நீட்டி அழுதது. அக்கா பின்னால் ஓடவில்லை, அது கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்தார். அதன் பிறகு முற்றத்துக்கு இறங்கிப் போய், காவலர்கள் தடுப்பதற்குள் மணல் மூட்டையைத் தாண்டி டேப்பை ஒரே இழுப்பாக உரித்தார். ஸ்டிக்கர் தெரிந்தது. இன்ஸ்பெக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு உடனே மூடினார். ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிட்டது, குப்பிகள் சூடாக இருந்தன. எல்லாம் வீண்.

நான் அக்காவிடம் அதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் நின்றேன். அவரே கேட்டார், "கெட்டுப்போச்சா? சரி, வேற டப்பா குடு." அதன் பிறகு லாக்கப் அறைக்குப் பின்னால் திறந்த வெளியில் போய் மறுபடி இருமி எடுத்துக்கொண்டு வந்தார். நான் குறி போடப் போனபோது பேனாவை வாங்கித் தன் பெயரை முழுசாகத் தானே எழுதினார். "இனிமே யாருக்கு மறைக்கணும்?" என்றார். காலடியில் இருப்பது அந்தக் குப்பிதான். ஐஸ் எதிர்க்கடையில் வாங்கிவரச் செய்தவர் இன்ஸ்பெக்டர், அதற்கு நன்றி.

அறக்கட்டளை இந்த வாக்குமூலத்தின் நகலைக் கேட்டால் கொடுக்கலாம். ஸ்டிக்கரை மறைத்தது விதிமீறல் என்று உதவித்தொகையை நிறுத்தினால் நிறுத்தட்டும். பெண்கள் பரிசோதனைக்கு ஏன் வருவதில்லை என்று அவர்கள் கேட்டிருந்தார்கள், மேலே அதற்குத்தான் பதில் சொல்லியிருக்கிறேன்.

எனக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. எழுதி முடித்ததும் எனக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும் என்பது முறை என்கிறார்கள். சத்தமாக வாசிக்க வேண்டும், அறைக் கதவைத் திறந்து வைக்க வேண்டும். நாத்தனார் இன்னும் வீட்டுக்குப் போகவில்லை, பாப்பாவோடு வெளி பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார், காவல் நிலையத்தில் வாசித்தால் கேட்பார். ஆகவே இதையும் சேர்த்து எழுதுங்கள். காஜா அக்காவுக்கு நோய் என்றே வந்தாலும் மாத்திரை இருக்கிறது, இலவசம்தான். நடுவில் விடாமல் சாப்பிட்டால் குணமாகும். சரியான மாத்திரை தொடங்கியதும் சில வாரங்களிலேயே பிறருக்குப் பரவுவது அநேகமாக நின்றுவிடும். தாயை ஊருக்கு அனுப்புவதால் பாப்பாவுக்கு ஒரு நன்மையும் இல்லை. பாப்பாவை டாக்டரிடம் காட்ட வேண்டும், வீட்டில் எல்லாரும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், நாத்தனாரும்தான். இருமிக்கொண்டே காஜா அடித்து அந்த வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவந்தவர் அவர். இதை வாசிக்கும்போது விழுங்காமல் நிறுத்தி வாசிக்கவும்.

பேருந்து நிறுத்தத்தில் ஒண்ணுமில்லை என்றதும், இங்கே பெயர் தெரியாது என்றதும் பொய். மற்றது எல்லாம் நடந்தது நடந்தபடி. கதவைத் திறந்து வைத்து வாசித்துக் காட்டினார்கள், கேட்டேன், சரியாக இருக்கிறது.

பின்சேர்க்கை: வாசித்து முடிக்கும்போது நாத்தனார் பாப்பாவோடு கதவருகே வந்து நின்றார். என்னைப் பார்க்காமல் ரைட்டரைப் பார்த்து, "பாப்பாவை எங்க கொண்டுபோய்க் காட்டணும்னு அதுல எழுதலையே?" என்று கேட்டார். ஆய்வகத்துக்கு அடுத்த கட்டடம், நாங்கள் அங்கேதான் போகிறோம், கூட வாருங்கள் என்றேன். அவர் பாப்பாவை அக்காவிடம் கொடுக்கவில்லை. ஆனால் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்கிறார்.

(கையொப்பம், நின்றபடி இட்டது)