ஆளுக்கொரு சட்டை

…இல்ல சார், நீங்களே சொல்லுங்க, செத்தவருக்காக நான் எந்தக் கலர் சட்டைல அழுதா என்ன? அழுகை சரியா இருக்கான்னு பாக்கணும், அத விட்டுட்டு சட்டையப் பாக்கறானுங்க! போன மாசம் டான்ஸ் மாஸ்டர் போனாரு. அதே வாரம் கேமராக்காரரும் போனாரு. டிவில ரெண்டு பேருக்கும் நான்தான் இரங்கல். ரெண்டுலயும் அதே நீலக் கட்டம் போட்ட சட்டை! எவனோ ஒரு வேலையத்த பய ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி, "பெரியவர் மொத்தமா அழுது வெச்சிட்டு வீட்டுக்குப் போயிட்டார்"னு போட்டு விட்டுட்டான். ஊரே பாத்து சிரிக்குது சார்.

மொத்தமாத்தான் அழுதேன்னு வைங்க. அது வேற விஷயம்.

கொஞ்சம் தள்ளி உக்காருங்க, இந்தப் பைய வெச்சுக்கறேன். பூரா சட்டை. இப்பல்லாம் ஆளுக்கொரு சட்டைதான்… உங்களுக்கும் காலர்ல பேப்பர் சொருகி விட்டாங்களா? எடுத்துடாதீங்க, பவுடர் ஒட்டிச்சின்னா லேசுல போகாது. வினாடி வினாவுக்குத்தானே வந்திருக்கீங்க? அதான, பாத்தாலே வாத்தியார் களை. பாத்தாலேன்னு சொன்னேனே, சரியாத் தெரியல. மூக்குல தடம் விழுதுன்னு மேக்கப் போடற அம்மா கண்ணாடிய கழட்டச் சொல்லிடுச்சு. உங்க மூஞ்சி எனக்கு கலங்கலாத்தான் தெரியுது. களை மட்டும் நல்லா தெரியுது.

என்னைத் தெரியுதா? தலைய ஆட்டறீங்க! ஆங், முள்ளுக்கம்பி. அந்த முள்ளுக்கம்பியேதான். கிட்டப் போனா கிழிச்சிடுவான்னு ஜனங்களா வெச்ச பேரு சார் அது. ஒரு படத்துல கதாநாயகிய மாடிப்படில இருந்து தள்ளி விட்டேன். மறுநாள் காய்கறிக் கடைக்குப் போறேன், ஒரு அம்மா கைல இருந்த பையாலேயே என் மண்டைல ஓங்கி ஒரு போடு! பை நிறைய உருளைக்கெழங்கு. வீங்கிப் போச்சு. என் வீட்டுக்காரி ஒத்தடம் குடுத்துக்கிட்டே சொன்னா, "இத விடப் பெரிய விருது உங்களுக்கு எவன் குடுப்பான்"னு. எவனும் குடுக்கல, அவ சொன்னதுதான் நடந்துச்சு.

இப்ப என்ன ஆச்சு? பேங்க்ல கவுண்டர்ல இருக்கற பொண்ணு என் கன்னத்தக் கிள்ளுது சார்! "ஸோ ஸ்வீட், என்னமா அழறீங்க தாத்தா"ங்குது. ஸ்வீட்டாம்! எத்தன கதாநாயகனோட குடும்பத்த நான் கொளுத்தியிருப்பேன்!

என் கூட நடிச்ச கதாநாயகன எடுத்துக்கோங்க. பேரெல்லாம் வேணாம், உங்களுக்கே தெரியும். முட்டி ரெண்டும் மாத்தியாச்சு. இன்னும் காலேஜ் பையனாத்தான் நடிப்பேன்னு நிக்கறாரு. படிக்கட்டுல ஓடி வர்ற காட்சின்னா அவர் நிப்பாரு, படிக்கட்டுப் படத்த பின்னாடி ஓட விடுவாங்க. ஆனா அவருக்கு மரியாதை குறையுதா? குறையாது. பாட்டுக்காரம்மா இருக்காங்களே, வருஷா வருஷம் கடைசிக் கச்சேரி பண்ணுவாங்க. மேடைலயே விக்கி விக்கி அழுவாங்க, ஜனமும் சேந்து அழும், அடுத்த வருஷம் மறுபடியும் கடைசிக் கச்சேரி. அதயாவது விடுங்க. சீட்டுக் கம்பெனி நடத்தி ஊர் வாய்ல மண்ணப் போட்டுட்டு ஜெயிலுக்குப் போயிட்டு வந்தானே ஒருத்தன்… அவன் இதோ இதே கட்டடத்துல, மேல் மாடில, சமையல் போட்டிக்கு நடுவரா உக்காந்திருக்கான்! இப்பத்தான் லிஃப்ட்ல பாத்தேன், ஆறேழு பேரு அவன் தோள்ல கை போட்டு போட்டோ எடுத்துக்கறாங்க. நான் நிஜத்துல ஒரு குண்டூசி திருடினதில்ல சார். படத்துல பண்ணதுக்கே உருளைக்கெழங்கு அடி வாங்கினவன். அவன் நிஜமாவே திருடினான், அவனுக்கு கையெழுத்து கேக்கறாங்க!

சரி, விஷயத்துக்கு வர்றேன். படம் நின்னு போச்சு. யாரும் கூப்பிடல. அப்ப ஒருநாள் எங்க காமெடியன் ஒருத்தர் போனாரு, இந்த டிவிக்காரங்க மைக்க நீட்டினாங்க. நான் ஒண்ணும் பெருசா பண்ணல, சும்மா தொண்டைய அடைச்சேன், தாடைய ஆட்டினேன், "என் தம்பியப் பறிகொடுத்துட்டேனே"ன்னேன். அவரு என்னை விட மூத்தவரு. யாரு பாக்கறா? அன்னைலேர்ந்து யார் போனாலும் எனக்குத்தான் போன். குளிச்சிட்டு இருப்பேன், கூப்பிடுவானுங்க. சோத்துல கைய வெப்பேன், கூப்பிடுவானுங்க. அழுகைன்னா அப்படி உடனே வந்துடுமா? மூடு வேணாமா?

அதனால நான்தான் ஒரு யோசனை சொன்னேன். சாகற வரைக்கும் ஏன்யா காத்துட்டு இருக்கீங்க? வயசானவங்களுக்கெல்லாம் இப்பவே எடுத்து வெச்சிடுங்க, ஆள் போனதும் போட்டுக்கோங்கன்னேன். சினிமாக்காரன், அரசியல்வாதி, ரவுடி, எவனையும் விடாதீங்க, கூடப் பழகினவங்களக் கூட்டிட்டு வந்து பேச வெச்சு பத்திரப்படுத்துங்கன்னேன். இங்க நிகழ்ச்சி எடுக்கற டைரக்டர் அம்மா அசந்து போயிட்டாங்க. இப்ப எல்லா சேனல்லயும் இதான் வழக்கம். என் மூளை!

கஷ்டமும் இருக்கு. போன வாரம் பாருங்க, இன்னொரு காமெடியனுக்கு அழுதுட்டு இருக்கேன். "அவர் எவ்ளோ நல்லவரா இருந்தார்"ங்கறேன், போன் அடிக்குது. யாரு? அவரேதான்! எங்கய்யா இருக்கேங்கறாரு. உன்னப் பத்தித்தான்யா பேசிட்டு இருக்கேன்னேன். நல்லதா நாலு வார்த்த சொல்லுன்னுட்டு வெச்சிட்டாரு. அப்புறம் எங்க அழறது? இன்னைக்கு அத எடுத்து முடிக்கத்தான் வந்தேன்.

இதுக்கு வீட்ல ஒத்திகை பாக்கணும் சார். சாயந்தரம் ஹால்ல நின்னு கொஞ்சம் குரல் விட்டு அழுது பழகுவேன். அது பொறுக்கல கீழ் வீட்டுக்காரனுக்கு! எனக்கு நேர் கீழ ஒருத்தன் இருக்கான் சார், சிடுமூஞ்சி. நான் "ஐயோ தம்பி"ன்னு ஆரம்பிச்சா போதும், ஒட்டடைக் கம்பால மேல டொக்கு டொக்குனு ரெண்டு தட்டு. கலைன்னா என்னன்னு தெரியுமா அவனுக்கு? மூஞ்சிய நான் பாத்ததில்ல. லிஃப்ட்ல வருவான் போல, நான் கருப்புக் கண்ணாடி போட்டுட்டு மேலயே பாத்துட்டு நிப்பேன். முள்ளுக்கம்பி போய் கண்டவனப் பாத்து இளிச்சிட்டு நிக்க முடியுமா? இருமல் சத்தம் மட்டும் கேட்டிருக்கேன். வறட்டு இருமல்…

ஆங், இதே மாதிரிதான், நீங்க இருமற மாதிரியே.

இந்தாம்மா, என்ன, உள்ள கூப்பிட வந்தியா? அடுத்தது நானா? இல்லையா, இவரா? வினாடி வினா அந்த ஹால்லம்மா. என்ன? முள்ளுக்கம்பிக்குப் பேச வந்தவரா? முள்ளுக்கம்பி நான்தாம்மா! நான் பேச வந்தவன்… இரு, இரு. முள்ளுக்கம்பிக்கு… எனக்கா? எனக்கு இரங்கலா?

ஏம்மா நாக்கக் கடிக்கற? ரெண்டு பேரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொன்னது யாரு? வயசானவங்க ஒருத்தரையும் விடாதீங்கன்னு நான்தான் சொன்னேன், சரி. அதுக்குன்னு என்னையுமா? சரி, இவர் யாரு? இவர எதுக்கு? என் கூட நடிச்சவங்க எத்தன பேரு… என்ன, யாருமே இல்லையா? எல்லாருக்கும் நானே அழுதாச்சா? இருக்கறதுல கதாநாயகனுக்கு முட்டி வலி, வர மாட்டேன்னுட்டாரா… போன் பண்ண காமெடியன், முதல்ல அவன் எனக்கு அழுது முடிக்கட்டும்னுட்டாரா… அதனால பழகினவர்னு தேடி… யார?

கீழ் வீட்டுக்காரரா?

சார்… நீங்களா? உக்காருங்க சார், எங்க எந்திரிக்கறீங்க? சிடுமூஞ்சின்னு சொன்னது வேற கீழ் வீடு… சரி, விடுங்க. ஒரே ஒரு கீழ் வீடுதான். கண்ணாடி எங்க என்னோடது, இருங்க. உங்க மூஞ்சி நல்லாத்தான் இருக்கு. இத்தன வருஷமா லிஃப்ட்ல ஒரு தடவயாவது பாத்திருக்கலாம்.

உள்ள என்ன சொல்லப் போறீங்க? இல்ல, தெரிஞ்சிக்கலாம்னு கேட்டேன். "பாவம் சார், தெனமும் அழுவாரு"ன்னா? ஐயையோ, மானம் போயிடும் சார்! இத்தன வருஷம் கொள்ளையடிச்சு, கொளுத்தி, படில தள்ளி சேத்து வெச்ச பேரு சார். நீங்க ஒரு வார்த்தைல துடைச்சிடாதீங்க. அது ஒத்திகைன்னு சொல்லிடுங்க. எல்லாமே ஒத்திகை.

என்ன? எல்லா நாளுமான்னு கேக்கறீங்களா?

…இல்ல சார். எல்லா நாளும் இல்ல. என் வீட்டுக்காரி போனப்ப யாரும் மைக்க நீட்டல. அவளுக்கு நான் பையில எந்தச் சட்டையும் எடுத்து வெக்கல. இப்பவும் சில நாள் "தம்பி"ன்னுதான் ஆரம்பிப்பேன், நடுவுல அவ பேரு வந்துடும். அது உங்களுக்குக் கேட்டிருக்கும். அன்னைக்கெல்லாம் நீங்க தட்டல. இப்பத்தான் எனக்கு உறைக்குது… அன்னைக்கெல்லாம் நீங்க தட்டவே இல்ல சார்.

சரி, சரி, போங்க, அந்தப் பொண்ணு கூப்பிடுது. காலர் பேப்பர எடுத்துடுங்க. நல்லவருன்னு மட்டும் சொல்லாதீங்க, கெஞ்சிக் கேக்கறேன். மேல் வீட்ல அவர் இருக்கற வரைக்கும் பயந்து பயந்து இருந்தோம்னு சொல்லுங்க. கதவு தாழ்ப்பாள ரெண்டு தடவ சரி பாப்போம்னு சொல்லுங்க. உங்களுக்கு பயம் வரலைன்னா நான் இங்க வெளில நின்னு என் பழைய சிரிப்பு ஒண்ணு விடறேன், கதவு தாண்டி உள்ள கேக்கும். கேட்டதும் லேசா நடுங்குங்க, போதும்.

சிரிப்பு ரொம்ப நீளமாப் போச்சுன்னா… உள்ள கம்பு எதுவும் இருக்காது. கையாலயே கதவுல ரெண்டு தட்டு தட்டுங்க சார். நிறுத்திடறேன்.