குறைந்த செலவில் ஒரு படகு

ஃபைபர் படகு அழுகாது என்று பலரும் நினைக்கிறார்கள். ஃபைபர் அழுகாதுதான். அதற்குள் வைத்த மரம் அழுகும். பழைய படகு வாங்கப் போகிறவர்கள் பெயின்டைப் பார்த்து மயங்கக் கூடாது. விரலை மடக்கித் தட்டிப் பார்க்க வேண்டும். கணீரென்றால் நல்லது. தொப்பென்று கேட்டால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது. ஷார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்து நான் கற்ற பாடம் இது.

ஊருக்குத் திரும்பிய பிறகு அருப்புக்கோட்டை ரோட்டில் சொந்தமாகப் பட்டறை போட்டேன். தண்ணீர்த் தொட்டி, பாத்ரூம் கதவு, கோயில் ஆர்ச் என்று செய்து கொடுப்பேன். கோட்டைச்சாமி வேலை என்றால் பத்து வருஷம் அசையாது என்பார்கள். நீங்கள் திருச்சுழியில் யாரை வேண்டுமானாலும் விசாரிக்கலாம், ஐயா.

சோலைச்சாமி எங்கள் ஊர்க்காரன். அவன் அப்பா எங்கள் நிலத்தில் வேலை பார்த்தவர். என் அப்பாவை ஐயா என்றுதான் கூப்பிடுவார். சோலைச்சாமி என்னை அண்ணே என்பான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. காலம் மாறுகிறது. வெளிநாட்டில் ஒரே அறையில் பன்னிரண்டு பேரோடு படுத்து எழுந்தவன் நான். யார் எந்தத் தெரு என்று அங்கே கேட்டதில்லை.

எங்கள் ஊர்க் கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமைக்கான மீன்பாசி ஏலம் வழக்கமாக எங்கள் வீட்டுக்குத்தான் வரும். யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பின் வரிசையிலிருந்து சோலைச்சாமி கை தூக்கினான். ஐந்து தடவை தூக்கினான். கடைசியில் ஏலம் எனக்குத்தான் முடிந்தது, இரண்டு மடங்கு விலைக்கு. கூட்டம் கலையும்போது சிரித்துக்கொண்டே வந்தான்.

"தப்பா நெனச்சுக்கிறாதீகண்ணே. அடுத்த வருசம் பாத்துக்கிறலாம்."

நான் தப்பாக நினைக்கவில்லை.

பங்குனியில் தண்ணீர் இடுப்பளவுக்கு வற்றியிருந்தது. இரண்டு நாள் மூட்டமாகவே கிடந்து கொஞ்சம் தூறியது. மறுநாள் விடிந்தபோது கண்மாய் முழுக்க மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. மீன் எடுக்க வீரசோழனிலிருந்து வந்த வண்டி வெறுமனே திரும்பியது. ஒரு வாரம் ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்தது. என்னைக் கண்டால் மட்டும் கையை எடுத்துவிட்டு, "பாவம்" என்றார்கள். அந்த வார்த்தையை அதுவரை எங்கள் வீட்டைப் பார்த்து யாரும் சொன்னதில்லை.

மீன் சாவதற்கு முந்தின நாள் சாயங்காலம் சோலைச்சாமியின் பைக் கரையில் நின்றதை நானே பார்த்தேன். கூப்பிட்டுக் கேட்டேன்.

"ரெண்டு ஆட்டக் காணோம்ணே. தேடிக்கிட்டுப் போனேன்" என்றான்.

விசாரித்தேன். ஆடு காணாமல் போனது உண்மைதான். ஆனாலும் ஆடு தேடுகிறவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஏன் நிற்க வேண்டும்? விஷம் கலந்தவன் அவன்தான் என்று எனக்குத் தெளிவாகிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சண்டை போடவும் இல்லை. அவனை எங்கே பார்த்தாலும் நின்று பேசினேன். காத்திருந்தேன், அவ்வளவுதான்.

ஐப்பசியில் நல்ல மழை. கண்மாய் நிறைந்து மறுகால் போயிற்று. அந்த வருஷ ஏலத்துக்கு நான் போகவில்லை. சோலைச்சாமி எடுத்தான். கார்த்திகையில் ஒரு மினி லாரி என் பட்டறை முன்னால் வந்து நின்றது. மேலே கவிழ்த்துப் போட்டபடி ஓர் ஃபைபர் படகு. மூக்கையூர்க் கடற்கரையில் மூன்று வருஷமாக வெயிலில் கிடந்ததைக் குறைந்த விலைக்குப் பேசி, சாயல்குடி, கமுதி வழியாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தான்.

"நீங்கதாண்ணே சரி பண்ணித் தரணும். கையில காசு கம்மி. எதுல கொறைக்க முடியுமோ கொறைச்சுச் செய்யிங்க."

தட்டிப் பார்த்தேன். அடியில் கல் இடித்து இரண்டு முழத்துக்குப் பிளந்திருந்தது. பின்பக்கம் எஞ்சின் மாட்டும் பலகை புட்டுப் போல உதிர்ந்தது. செய்யலாம் என்றேன்.

குறைந்த செலவில் படகைப் புதுப்பிப்பது ஒரு கணக்கு, ஐயா. புதுப் பலகைக்குப் பதிலாக நல்ல பழைய பலகையைப் போடலாம். எஞ்சின் புதிதாக வேண்டாம், பழைய டீசல் எஞ்சின் போதும். பெயின்டிலும் குறைக்கலாம். குறைக்கக் கூடாத இடங்கள் இரண்டுதான். அடிப்பிளவில் மேட் என்கிற கண்ணாடி நார்ப் பாயை ரெசின் பசையில் நனைத்துக் குறைந்தது ஆறு அடுக்காவது ஒட்ட வேண்டும். பலகைகளுக்குக் கீழே உள்ள அறைகளில் தெர்மாகோல் நிரப்பி மூட வேண்டும். படகில் தண்ணீர் ஏறினாலும் அது முழுகாமல் ஆளைத் தாங்கும்.

குறைக்கச் சொன்னது அவன். எதைக் குறைப்பது என்பதை மட்டும் நான் முடிவு செய்தேன்.

தினமும் மத்தியானம் வந்து அவனே உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தான். நார் தூசி பட்டுக் கையெல்லாம் தடித்துப்போகும். நான் தேங்காய் எண்ணெய் எடுத்துக் கொடுப்பேன். எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருவான். நல்ல உழைப்பாளி. அதை நான் மறைக்கவில்லை.

"தாங்குமாண்ணே?" என்று ஒரு நாள் கேட்டான்.

"தாங்கும். உனக்கு நீச்சல் தெரியுமில்ல?"

"எங்கிட்டுண்ணே படிக்க? ஒங்க கெணத்துலதான எங்காள்க யாரையும் எறங்க விடல" என்று சொல்லிச் சிரித்தான்.

நான் எங்கள் கிணற்றில்தான் நீந்தப் பழகினேன். அந்தக் காலத்தில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. நான் உண்டாக்கிய வழக்கம் இல்லை.

அவன் வெளியூர் போயிருந்த இரண்டு நாளில் அடிவேலையை முடித்தேன். ஒரே அடுக்கு மேட். அதற்குமேல் பட்டி பூசி இழைத்து, நீல பெயின்ட் அடித்தேன். அறைகளை வெறுமனே மூடினேன். பார்த்தால் புதுப் படகு. "எம்மக பேர எழுதிருவமாண்ணே?" என்றான். முன்பக்கம் 'யுவராணி' என்று என் கையால் எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

தை மாதம் பன்னிரண்டாம் தேதி தேங்காய் உடைத்துப் படகை இறக்கினார்கள். எனக்குத் துண்டு போட்டான். முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒன்றும் ஆகவில்லை. வெறும் படகாக ஓடும்வரை ஒன்றும் ஆகாது என்று எனக்குத் தெரியும். மூன்றாம் நாள் காலையில் அவனும், கூலிக்கு வந்த மருதுபாண்டியும் பெருமடைப் பக்கம் வலை இழுத்தார்கள். நல்ல மீன். படகு பாரத்தில் இறங்கி, எஞ்சின் அதிர அதிரத் திரும்பி வந்தது. கரையில் நான் நின்றிருந்தேன். நடுவழியில் பின்பக்கம் தாழ்ந்தது. அப்புறம் சத்தமே இல்லாமல் போய்விட்டது.

மருதுபாண்டி நீந்திக் கரையேறினான். "அண்ணே, ஒங்களுக்கு நீச்சல் தெரியுமில்ல, வாங்கண்ணே" என்று என்னைப் பார்த்துக் கத்திவிட்டுத் திரும்பவும் தண்ணீரில் குதித்தான். என் சட்டைப் பையில் போன் இருந்தது. அதை எடுத்து வைக்க நல்ல இடம் தேடினேன்.

அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் அவன் சம்சாரம் சங்கரம்மாள் என்னைப் பார்த்ததும் கைகூப்பினாள். "பாத்துப் பாத்துச் செஞ்சு குடுத்தீகளே, அதுல ஒக்கார அவுகளுக்குக் குடுத்து வைக்கலையே" என்று அழுதாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். விபத்து என்று எழுதி முடித்தார்கள். எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது.

நாற்பது நாள் கழித்து அவன் மகள் யுவராணி பட்டறைக்கு வந்தாள். பாலிடெக்னிக்கில் படிக்கிற பெண். படகைக் கரைக்கு இழுத்துப் போட்டு அவளே பார்த்திருக்கிறாள். கையில் உடைந்த துண்டு ஒன்று இருந்தது.

"பெரியப்பா, இதுல எத்தன அடுக்கு மேட் போட்டீக?"

வேலை விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை. "ஒண்ணு" என்றேன். அவள் அழவில்லை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

இப்போது நீங்கள் என் மேஜையிலிருந்து எடுத்த காகிதத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். மீன் செத்தபோது நானே பாட்டிலில் தண்ணீர் பிடித்துச் சோதனைக்குக் கொடுத்திருந்தேன். பத்து மாதம் கழித்து வந்த பதில் அது. தண்ணீரில் விஷம் இல்லை. மூட்டத்தில் காற்றில்லாமல் மீன்கள் மூச்சுமுட்டிச் செத்திருக்கின்றன என்று எழுதியிருக்கிறார்கள். தபால் வந்த தேதி தை ஒன்பது. படகு இறங்க மூன்று நாள் இருந்தது.

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். சரி செய்ய ஒரு நாள் போதும். மேட்டும் ரெசினும் பட்டறையில் இருந்தன. ஆனால் படகு அதற்குள் அவன் வீட்டுக்குப் போய்விட்டது. போனில் சொல்கிற விஷயம் இல்லை அது. அவன் வாசலில் போய் நின்று, நான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து யாரும் அந்தத் தெருவுக்குப் போய் அப்படி நின்றதில்லை, ஐயா.