குறுக்கே நடந்தவன்

பீம் சென்சார் மாட்டுவது ஒற்றை ஆள் வேலை இல்லை, மேடம். பெட்டியோடு வரும் புத்தகத்தில் ஒருவரே செய்யலாம் என்று போட்டிருக்கும். அதை எழுதியவர் வீட்டில் நிறைய ஆட்கள் இருந்திருக்க வேண்டும்.

விஷயம் சுலபம். இந்தப் பக்கம் ஒரு கம்பம், ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி இன்னொரு கம்பம். ஒன்று கண்ணுக்குத் தெரியாத ஒளியை அனுப்பும், மற்றது வாங்கும். நடுவில் யாராவது குறுக்கே போனால் மணி அடிக்கும். இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ஒரு நூல் திரும்பியிருந்தாலும் போச்சு. அதனால் அனுப்புகிற பக்கம் ஒருத்தன் ஸ்க்ரூவைத் திருப்ப, வாங்குகிற பக்கம் இன்னொருத்தன் மீட்டரை வைத்துக்கொண்டு வோல்ட் ஏறுகிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கடல் காற்றில் கத்தினால் கேட்காது. போனைப் போட்டு ஆளுக்கொரு பக்கம் காதில் செருகிக்கொள்வோம்.

என் போனில் இரண்டு மணி நேரம் ஓடிய கால் என்றால் அது கூட வேலை பார்க்கும் நிரூபனோடு பேசியதுதான். என்ன பேசினோம் என்று கேட்டால், "இடது. இன்னும் இடது. போதும்டா, வோல்ட் இறங்குது." நடுநடுவே அவன் மண்டபம் அகதி முகாமில் தண்ணீர் லாரி வந்த கதையைச் சொல்வான். நான் காலேஜ் கதையைச் சொல்வேன்.

காலேஜ் கதை சின்னதுதான். எங்கள் டிபார்ட்மென்ட்டில் சேர்ந்தவர்கள் நாலு பேர். மூன்று பேர் பாதியில் நின்றுவிட்டார்கள். கடைசி வருஷக் குரூப் போட்டோவில் நானும் துறைத் தலைவரும் இருக்கிறோம். அடுத்த மாதம் அவரும் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். தங்கச்சிமடத்து வீட்டில் அய்யா இருக்கிறார், என் அப்பா சிலுவைமுத்து. விசைப்படகில் போகிறவர். கரையில் இருக்கும் நாளில் தூங்குவார். அக்கா ஜோஸ்லின் கல்யாணமாகித் தூத்துக்குடியில். அம்மா போட்டோவில். அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை மேடம், நீங்கள்தான் கிளாட்சன் என்பவன் யார் என்று முதலில் சொல்லச் சொன்னீர்கள்.

மாட்டி முடித்ததும் நடந்து பார்க்கிற சோதனை உண்டு. ஒருத்தன் திருடனாக வேண்டும். எங்கள் இருவரில் அது எப்போதும் நிரூபன். அதில் அவனுக்கு ஒரு பக்தி. குனிந்து போவான், தவழ்ந்து போவான், ஒருமுறை யாருடைய ஆட்டையோ தோளில் போட்டுக்கொண்டு போனான். "கள்ளன் வாறான், பார்" என்று முன்னறிவிப்பு வேறு. உப்பூர்ப் பக்கம் சதக்கத்துல்லா பாயின் இறால் பண்ணையில் மாட்டியபோது காவல்காரர் மூக்கையா அதைப் பார்த்துவிட்டு, "இம்புட்டுச் சத்தம் போட்டுக்கிட்டு வார களவாணிய இன்னைக்குத்தான்யா பாக்குறேன்" என்றார். அந்தப் பண்ணையில் அதற்கு முன் ஏரேட்டர் மோட்டார்கள் காணாமல் போயிருந்தன. குட்டைத் தண்ணீரில் காற்றைக் கலக்குகிற மோட்டார். அது நின்றால் இறால் மொத்தமும் செத்து மிதக்கும். அதனால்தான் பாய் எங்களைக் கூப்பிட்டார்.

அந்த வேலை முடிந்த மறுவாரம் உச்சிப்புளி டீக்கடையில் நிரூபன் சொன்னான், ஊருக்குப் போக அனுமதி வந்துவிட்டது, டிக்கெட்டும் போட்டாயிற்று என்று. ஊர் என்றால் இலங்கையில் மன்னார். அவன் பிறந்தது முகாமில், அந்த ஊரை அவன் பார்த்ததே இல்லை. அவன் அம்மா செல்வநாயகி முந்தின வருஷமே திரும்பிப் போயிருந்தார். இப்போது சிறுநீரகம் கெட்டுப் படுக்கையில்.

"அம்மா தனியக் கிடக்கிறா மச்சான். நீ வந்தாத்தான் சாப்பிடுவன் எண்டு அடம்பிடிக்கிறா."

நல்ல விஷயம்டா என்றேன். வடை வாங்கிக் கொடுத்தேன். திரும்பி வருவாயா என்று கேட்டேன். கேள்வி அவனுக்குப் புரியவில்லை. "எதுக்கு?" என்றான்.

அவன் தப்பாக எதுவும் சொல்லவில்லை. நானும் யோசித்துப் பார்த்தேன். இன்னொரு டீ வாங்கினேன்.

பிறகு சொன்னேன். பாய் பண்ணையில் வடக்குக் கம்பம் காற்றில் சாய்ந்த மாதிரி இருக்கிறது, போவதற்கு முன் ஒரு தடவை குறுக்கே நடந்து பார்த்துவிடு. வெறுங்கையோடு வேண்டாம். கரையில் கிடக்கும் மோட்டார் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு நட, சுமையோடு வருகிற ஆளுக்கு அடிக்கிறதா என்று தெரிய வேண்டும். பாயிடம் நான் சொல்லிவிடுகிறேன்.

பாயிடம் சொல்லத்தான் செய்தேன். சோதனையெல்லாம் முடிந்தது பாய், இனிமேல் மணி அடித்தால் நம்புங்கள் என்று சொன்னேன்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. முதல் தடவையே, சுத்தமாக. வேலையை நன்றாகத்தான் செய்திருந்தோம். மணி கேட்டதும் நிரூபன் சிரித்துக்கொண்டே கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினானாம், மூக்கையா பிற்பாடு சொன்னார். ஸ்டேஷனில் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஸ்டேஷனுக்குப் போகுமுன் பாய் எனக்குத்தான் போன் போட்டார். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். "தம்பி, இந்தப் பய நீதான் அனுப்புனேங்குறான். ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு, டீயக் குடுத்து அனுப்பிவிட்டுர்றேன்."

"இல்லையே பாய்" என்றேன்.

பின்னால் நிரூபன் குரல் கேட்டது. "கிளாட்சன், சொல்லடா." கத்தவில்லை. சிக்னல் சரியில்லை என்று நினைத்திருப்பான்.

முன்னால் காணாமல் போன மோட்டார்களையும் அவன் தலையில் கட்டினார்கள். அதற்கு நான் பொறுப்பில்லை. நான் சொன்னது இரண்டே வார்த்தை, அதிலும் ஒன்று 'பாய்'.

வழக்கு இருந்தால் நாட்டை விட்டுப் போக முடியாது என்று எனக்குத் தெரியுமா என்றால், தெரியும். தண்ணீர் லாரிக் கதைகளுக்கு நடுவே அவனே சொல்லியிருக்கிறான், முகாமில் ஒருத்தருக்கு அப்படி நின்றுபோனது என்று.

சிறையில் போய்ப் பார்த்து விளக்கினேன். நானும் உள்ளே வந்துவிட்டால் உனக்கு ஜாமீன் எடுக்க வெளியே யார் இருக்கிறார்கள்? நான் அனுப்பியதை வக்கீலிடம்கூடச் சொல்லாதே என்றேன். தலையாட்டினான். பிறகு கம்பிக்கு வெளியே விரலை நீட்டி, "தேங்க்ஸ்டா" என்றான். ஜாமீன் கையெழுத்து நான்தான் போட்டேன். எங்கே போட வேண்டும் என்று அவன் வக்கீலான நீங்கள்தானே காட்டினீர்கள்.

அதற்கப்புறம் வந்த மாதங்கள் நன்றாக இருந்தன. தினமும் ஸ்டேஷனுக்குப் போய் அவன் கையெழுத்துப் போட வேண்டும். மண்டபத்திலிருந்து என் பைக்கில் போய்விட்டு வர அரை நாள் ஆகும். யாருக்கு அவசரம். வழியில் இட்லி. மழை பெய்தால் பஸ் நிறுத்தத்தில் ஒதுங்குவோம். அவன் அதிகம் பேசுவதில்லை. ஆனால் பின்னால் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிற கனம் தெரியும். வண்டியும் அப்போதுதான் ஆடாமல் போகிறது.

செல்வநாயகி அம்மா இறந்த மறுநாளும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தோம். தேவிபட்டினம் தாண்டி ஓரமாக நிறுத்தச் சொன்னான். சடங்கை வீடியோ காலில் காட்டினார்கள். போனை நான் வாங்கி அசையாமல் பிடித்துக்கொண்டேன். "வாய்க்கரிசி போட நான் இல்லை" என்றான். அதையே திரும்பச் சொன்னான். தோளில் கை போட்டேன். இந்தப் பொட்டல் ரோட்டில் நான் ஒருத்தனாவது கூட இருந்தேனே என்று அன்றைக்குத் திருப்தியாக இருந்தது.

இதையெல்லாம் இப்போது எதற்குச் சொல்கிறான் என்று பேனாவை வைத்துவிட்டுப் பார்க்கிறீர்கள். நேற்று நீங்கள்தான் போன் செய்தீர்கள். அம்மா இறந்த செய்தி கேட்டுப் பாய் மனம் இளகிவிட்டார், சமரசத்துக்கு வருகிறார், அடுத்த வாய்தாவோடு வழக்கு முடிந்துவிடும், நிரூபன் ஊருக்குப் போகலாம் என்றீர்கள். சந்தோஷமாகச் சொன்னீர்கள்.

இன்று காலை வழியில் அவனிடம் கேட்டேன். அம்மாவே இல்லை, இனி அங்கன போய் என்னடா செய்யப் போறே?

"இங்க மட்டும் எனக்கு ஆர் இருக்கினம்?" என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் என் பைக்கில் என் பின்னால்தான் உட்கார்ந்திருந்தான், மேடம்.

அதனால் யோசித்துத்தான் வந்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். நிரூபன் திருடவில்லை. நான்தான் அனுப்பினேன், பிடிபடட்டும் என்றே அனுப்பினேன், தெரிந்தே பாயிடம் இல்லை என்றேன். என் மேல் வழக்குப் போடட்டும். புது வழக்கு, முதலிலிருந்து ஆரம்பிக்கும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்று விசாரித்துக்கொண்டேன். அவன்தான் முதல் சாட்சி. எனக்கு எதிராகத்தான் சொல்வான், சொல்லட்டும். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். கேஸ் முடிகிறவரை சாட்சிக்காரன் ஊரை விட்டுப் போக முடியாதுதானே?