நல்ல வண்டு

வண்டைப் பார்த்தால் எல்லோரும் செருப்பைத் தேடுகிறார்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. போன வருஷம் எங்கள் தொரப்பள்ளிப் பக்கத்து ஏரியில் ஆகாயத்தாமரையை ஒழிக்க ஒரு வகைக் கூன்வண்டை விட்டார்கள். டப்பாவில் கொண்டுபோய் விட்டவள் நான்தான். அரிசிமணி அளவுதான் இருக்கும். அந்தச் செடியைத் தவிர வேறெதையும் கடிக்காது. ஊரே அதை நல்ல வண்டு என்றது.

பிரேம்குமாரைப் பற்றிக் கேட்டீர்கள். என் தாய்மாமன் மகன். எனக்கென்று பேசி வைத்திருந்தவன். என்னை 'மாதேசு' என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். ஓசூர் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு எங்கள் வாசலில் பைக்கை நிறுத்துவான். ஒருநாள் அதே பைக்கில் என் தங்கை சரிதாவோடு, மாலையும் கழுத்துமாக வந்து இறங்கினான். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா அவனை வீட்டோடு வைத்துக்கொண்டார். அன்று சோறு போடப் போனேன். "போதும் அக்கா" என்றான். மனைவியின் அக்காவை அப்படித்தானே கூப்பிட வேண்டும். முறை தவறவில்லை.

போன ஆடியில் எங்கள் தென்னந்தோப்பிலிருந்து கட்டைவிரல் நீளத்துக்குச் சிவந்த வண்டு ஒன்றைப் பிடித்து வந்தான். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, தென்னையைக் குடைந்து தின்கிற ஜாதி.

"அக்கா, இது உங்க ஏரி வண்டு தானே? நசுக்கிடட்டுமா?"

"பாவம், விட்டுடு. நல்ல வண்டு. ஏரியில தின்னு கொழுத்துக் கிடக்குது."

"கேன்டீன்ல தின்னு நான் கொழுக்கலையே," என்று சிரித்துக்கொண்டே அதைப் பத்திரமாக மட்டையில் விட்டான். சரிதாவிடமும் கொல்லாதே என்று சொல்லி வைத்தான். என் பேச்சில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அதன்பிறகு மாதக்கணக்கில் நான் மரத்தில் காது வைத்துக் கேட்பேன். உள்ளே புழு நறநறவென்று மெல்லும். வெளியே தெரிந்த துளைகளில் ஈரமண்ணைப் பூசிவிடுவேன். பார்வைக்கு மரங்கள் அழகாகத்தான் நின்றன.

இந்தத் திங்கட்கிழமை எனக்குக் காய்ச்சல். யாரும் சொல்லாமல் அவனாகவே வந்து, "இளநீர் இறக்கட்டுமா அக்கா, எந்த மரத்துல?" என்று கேட்டான். கிணற்றடி மரத்தைக் காட்டினேன். அதில் மட்டும் சத்தம் நின்று போயிருந்தது. மெல்லுவதற்கு உள்ளே எதுவும் மிச்சமில்லை. பாதி உயரம் ஏறியதும் மரம் முறிந்தது. கிணற்றுச் சுவர்மேல் விழுந்தவன் எழவில்லை.

நான் தள்ளவில்லை, மேடம். எனக்கு இளநீர் பிடிக்காது. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அது தெரியும். மறந்திருந்தான்.